தூங்குகிறவரின் ஹக்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அல்லாஹ்வைப் பயந்து வாழுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்து கொள்கிறேன்.

போன மாதம் அஸருக்குப் பிறகு ஒரு கணவனும் மனைவியும் என் வீட்டுக்கு வந்தார்கள். இருவரிடமும் அனுமதி வாங்கித்தான் இங்கே சொல்கிறேன். யார் என்று தேட வேண்டாம். அவர் நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை லோடு ஓட்டுகிறார். சாயங்காலம் லோடு ஏற்றி, ராத்திரி முழுக்க ஓட்டி, இறக்கிவிட்டு, மறுநாள் பின்னிரவில் மூன்று மணிக்கோ நாலு மணிக்கோ வீடு திரும்புகிறார். அந்த அம்மா காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியவர். லைன் வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை, இரண்டு பிள்ளைகள்.

அந்த அம்மா சொன்னது இது: "ஹஜ்ரத், இவரு பகல் பூரா தூங்குறாரு. பிள்ளைங்க சத்தம் போட்டா எழுந்து கத்துறாரு. நான் மிக்ஸி போட்டா குத்தம். ஆனா ராத்திரி மூணு மணிக்கு வந்து கதவைத் தட்டி, டியூப் லைட்டைப் போட்டு, டீ கேக்குறாரு. நான் பாத்திரம் கழுவிப் படுக்கவே பதினொன்னு ஆகுது."

அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு பேச்சு பேசினார். "ஹஜ்ரத், எனக்குப் பகல் தூக்கம் கெட்டா, அன்னிக்கு ராத்திரி ஸ்டியரிங்ல கண்ணு சொருகும். எதிர்ல பஸ்ஸு வரும்."

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. தீர்ப்பு சொல்ல வேண்டிய விஷயம் ஹலாலா ஹராமா என்றால் கிதாபைத் திறக்கலாம். இங்கே இருவருமே தூக்கத்துக்குத்தான் ஏங்குகிறார்கள். தன் தூக்கத்தை ஹக் என்கிறார்கள், மற்றவர் தூக்கத்தைச் சோம்பல் என்கிறார்கள். சண்டை முழுக்க அந்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் இருக்கிறது.

நம் பகுதியில் இது ஒரு வீட்டுக் கதை இல்லை. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி ராத்திரியிலும் ஓடுகிறது. ஸ்பின்னிங் மில்லில் மூன்று ஷிஃப்ட். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போகிறவர் மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பகலா ராத்திரியா தெரியாமல் தூங்குகிறார். ஆஸ்பத்திரி நர்ஸ் நைட் டூட்டி முடித்து, பால்காரர் வரும் நேரத்தில் வீடு திரும்புகிறார். இவர்களுக்கு வேலையே நேரத்தைப் புரட்டிப் போடுகிறது. வேலை எதுவும் புரட்டாமலே உடம்பு வேறாக அமைந்தவர்களும் உண்டு. சிலருக்கு இஷா முடிந்ததும் கண் இழுக்கும். சிலருக்கு அப்போதுதான் மூளை விழிக்கும். உடம்புக்குள் ஓடும் அந்தக் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று கண்டறிந்ததற்காக 2017இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் கொடுத்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது பழ ஈயை. ஈயின் உடம்பிலேயே அல்லாஹ் வைத்திருக்கும் ஏற்பாடு அது.

குர்ஆன் இதை அறியாமல் பேசவில்லை. நபஉ அத்தியாயத்தில் தூக்கத்தை ஓய்வாகவும், இரவை ஆடையாகவும், பகலைப் பிழைப்புக்காகவும் ஆக்கியதாக அல்லாஹ் சொல்கிறான். அது பொதுவான ஏற்பாடு. ஆனால் ரூம் அத்தியாயத்தின் 23ஆவது வசனத்தைப் பாருங்கள். இரவிலும் பகலிலும் நீங்கள் தூங்குவதையும், அவனுடைய அருளைத் தேடுவதையும் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக எண்ணுகிறான். பகல் தூக்கமும் அங்கே அத்தாட்சி. கணவன் மனைவிக்கு இடையில் அன்பையும் இரக்கத்தையும் வைத்ததாகச் சொல்லும் வசனம் அதற்கு இரண்டே வசனம் முன்னால், 21இல் இருக்கிறது. ஓதும்போது ஒரே மூச்சில் ஓதிவிடுகிறோம். இன்னொன்றும் கவனியுங்கள். நபஉ அத்தியாயத்தில் இரவுக்கு அல்லாஹ் சொன்ன 'லிபாஸ்', ஆடை, என்ற வார்த்தையையே பகரா அத்தியாயத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் சொல்கிறான். இரவு மனிதனை மூடி ஓய்வு கொடுக்கிறது. வாழ்க்கைத் துணையிடமும் ஒருவர் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

சரி, ஸஹாபாக்களின் வீட்டில் இப்படி ஒரு பிரச்சினை வந்ததா? வந்தது. ஸஃப்வான் இப்னு முஅத்தல் (ரலி) அவர்களின் மனைவி, சபையில் எல்லோரும் இருக்கும்போதே வந்து பெருமானார் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. முறையீடு மூன்று. தொழும்போது அடிக்கிறார், நஃபில் நோன்பை முறிக்க வைக்கிறார், சூரியன் உதிக்கும் வரை சுப்ஹு தொழுவதில்லை. முதல் இரண்டும் தனியாகப் பேச வேண்டியவை. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன்: பெருமானார் தம் கையால் எந்தப் பெண்ணையும் அடித்ததே இல்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) சொல்லியிருக்கிறார்கள். இன்று நமக்கு வேண்டியது மூன்றாவது.

ஸஃப்வான் (ரலி) அங்கேயே இருந்தார். பெருமானார் மனைவியின் பேச்சை மட்டும் கேட்டு முடிவு செய்யவில்லை, அவரிடமும் கேட்டார்கள். அவர் சொன்ன பதிலின் கருத்து இதுதான்: எங்கள் குடும்பமே இப்படித்தான், எல்லோருக்கும் தெரிந்த விஷயம், சூரியன் உதிக்கும் வரை எங்களால் எழ முடிவதில்லை. பெருமானார் அவரை ஏசவில்லை, சோம்பேறி என்று சொல்லவில்லை. விழித்ததும் தொழுதுவிடும்படி சொன்னார்கள்.

உலமாக்கள் இந்த ஹதீஸ் மேல் நிறைய பேசியிருக்கிறார்கள். அவருடைய இயல்பு அவரை மீறிய ஒன்றாக இருந்திருக்கும், மயக்கமுற்றவரைப் போல அவர் மன்னிக்கப்பட்டவர் என்று இமாம் கத்தாபீ எழுதுகிறார்கள். அவர்கள் ராத்திரியில் தூங்காமல் தொழில் பார்க்கிற குடும்பம் என்று விளக்கம் சொன்னவர்களும் உண்டு. அரபிக் கல்லூரியில் இதை ஓதியபோது எனக்கு அது வெறும் உரைக்குறிப்பு. இமாமாக வந்து, தறிக்காரர்களையும் லாரிக்காரர்களையும் பார்த்த பிறகுதான் அந்த வரியின் கனம் தெரிந்தது.

இந்த ஸஃப்வான் (ரலி) யார் தெரியுமா? அன்னை ஆயிஷா (ரலி) மீது முனாஃபிக்குகள் அவதூறு கிளப்பினார்களே, அதில் இழுக்கப்பட்டவர் இவர்தான். படைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவர். அந்த இக்கட்டான நாளில் பெருமானார் மிம்பரில் நின்று, இவரிடம் நல்லதைத் தவிர வேறெதையும் தாம் அறியவில்லை என்று சாட்சி சொன்னார்கள். தாமதமாக எழுகிறவர் என்பதால் அவருடைய நன்னடத்தைச் சான்றிதழில் ஒரு எழுத்தும் குறையவில்லை. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? சுப்ஹு தொழுதுவிட்டு மருமகள் அரை மணி நேரம் கண் அயர்ந்தால், "வீட்டுக்கு ரிஸ்க் வருமா" என்று கூடத்திலிருந்து குரல் வருகிறது. அதிகாலையில் உம்மத்துக்கு பரக்கத் கேட்டுப் பெருமானார் துஆ செய்தது உண்மை. அந்த துஆவை எடுத்து அடுத்தவரை அடிக்கக் கம்பாக்கச் சொல்லவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, ராத்திரி இரண்டு மணி வரை மொபைலில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிற தம்பிமார்கள் "நாங்களும் ஸஃப்வான்தான் ஹஜ்ரத்" என்று வர வேண்டாம். இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சையும் பெருமானார் வெறுத்தார்கள். தூக்கத்தில் குற்றம் இல்லை, விழித்திருக்கும்போது செய்யும் அலட்சியத்தில்தான் குற்றம் என்ற கருத்தில் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. ஒரு பயணத்தில் பெருமானாரும் தோழர்களுமே சுப்ஹுக்கு எழ முடியாமல் போனது. காவலுக்கு நியமிக்கப்பட்ட பிலால் (ரலி) அவர்களும் வாகனத்தில் சாய்ந்தபடி அயர்ந்துவிட்டார்கள். வெயில் சுட்டுத்தான் எழுந்தார்கள். ஆனால் அவர்கள் எழுவதற்கு ஏற்பாடு செய்துவிட்டுத் தூங்கினார்கள். முடியாதவருக்கும் முயலாதவருக்கும் உள்ள வித்தியாசம் அல்லாஹ்வுக்குத் தெரியும், அவரவர் மனதுக்கும் தெரியும். பக்கத்தில் படுத்திருப்பவர் அதை அளந்துவிட முடியாது.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். மூத்த பிள்ளைக்கு மூன்று மாதம். புது இமாம், ஓதி முடித்து வந்த வேகம். இரவில் எழுந்து தொழுது, தன் மனைவியையும் எழுப்பி, அவள் எழ மறுத்தால் முகத்தில் தண்ணீர் தெளிக்கும் கணவனுக்கு அல்லாஹ் அருள் செய்யட்டும் என்ற கருத்துள்ள ஹதீஸ் எனக்கு மனப்பாடம். ஒருநாள் தஹஜ்ஜுத் நேரத்தில் கூப்பிட்டேன், அவர் எழவில்லை. தண்ணீர் தெளித்தேன். திடுக்கிட்டு எழுந்தார். ஒன்றும் பேசாமல் ஒளு செய்து தொழுதார். பிள்ளையும் விழித்து அழுதது. நான் ஒரு சுன்னத்தை ஹயாத்தாக்கிய நிம்மதியில் பள்ளிக்கு வந்துவிட்டேன்.

மதியம் சோறு வைக்கும்போது கேட்டார்: "நீங்க இஷா தொழுதுட்டு வந்து படுத்தீங்க. தஹஜ்ஜுதுக்கு எழுந்தீங்க. நடுவுல பிள்ளை எத்தனை தடவை எழுந்துச்சுன்னு தெரியுமாங்க?"

எனக்குத் தெரியாது. நாலு தடவையாம். நான் தண்ணீர் தெளித்தபோது அவர் படுத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஹதீஸில் பிழை இல்லை, என்னிடம்தான் பிழை. அந்த ஹதீஸின் மறு பாதியை நான் ஓதியிருந்தேன், யோசிக்கவில்லை. மனைவி எழுந்து கணவனை எழுப்பி, அவன் மறுத்தால் அவள் தண்ணீர் தெளிப்பதற்கும் அதே துஆதான். இருவரும் ஒருவரை ஒருவர் எழுப்பச் சம்மதித்த வீட்டில் அது ரஹ்மத். ஒருவர் மட்டும் எழுப்பும் அதிகாரத்தை எடுத்துக்கொண்ட வீட்டில் அதற்கு வேறு பெயர். இன்னொன்றும் யோசிக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள்: பெருமானார் இரவில் தொழும்போது நான் அவர்களுக்கு முன்னால் குறுக்காகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பேன், வித்ரு தொழ நேரம் வந்ததும் என்னை எழுப்புவார்கள். புகாரியில் இருக்கிறது. அந்தச் சின்ன அறையில் நீண்ட தொழுகை முழுவதும் மனைவி தூங்குகிறார். எழுப்பியது கடைசியில், வித்ருக்கு.

ஸல்மான் ஃபாரிஸீ (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) வீட்டில் தங்கியபோது செய்ததும் உங்களுக்குத் தெரியும். முன்னிரவில் தொழ எழுந்தவரைத் தூங்கு என்று படுக்க வைத்தார்கள், இரண்டு தடவை. கடைசி ஜாமத்தில்தான் இருவரும் எழுந்து தொழுதார்கள். ரப்புக்கும் ஹக் உண்டு, உன் உடம்புக்கும் ஹக் உண்டு, உன் குடும்பத்துக்கும் ஹக் உண்டு, எல்லோருக்கும் அவரவர் ஹக்கைக் கொடு என்று சொன்னார்கள். பெருமானாரிடம் விஷயம் போனபோது, ஸல்மான் சொன்னது சரி என்றார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மற்ற ஹக்குகளை மனிதன் வாய் திறந்து கேட்கலாம். கடன் கொடுத்தவர் வாசலில் நின்று கேட்பார். மஹர் பாக்கியை மனைவி கேட்கலாம். தூங்குகிறவர் எதையும் கேட்க முடியாது. கேட்க எழுந்துவிட்டாலே அந்த ஹக் போய்விட்டது! அப்படியென்றால் அவருடைய ஹக் யார் கையில் இருக்கிறது? விழித்திருப்பவர் கையில். அமானிதம் என்று நாம் சொல்வது இதைத்தானே? பொருளுக்குச் சொந்தக்காரர் பார்க்காத இடத்தில் அது நம் கையில் இருக்கிறது. நீங்கள் ஒழுங்காகக் காத்தால் அவருக்குத் தெரியவும் தெரியாது, நன்றி சொல்லவும் மாட்டார். காலையில் எழுந்து "நீங்க ராத்திரி கதவை மெதுவா சாத்தினீங்க" என்று எந்த மனைவியும் சொல்லப்போவதில்லை.

இதற்கு ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ராத்திரி இருக்கிறது. பெருமானார் அன்னை ஆயிஷாவின் வீட்டில் தங்கிய இரவு. மேலாடையை வைத்தார்கள், செருப்பைக் கழற்றிக் கால்மாட்டில் வைத்தார்கள், படுத்தார்கள். அன்னை தூங்கிவிட்டதாக எண்ணியதும் எழுந்தார்கள். மேலாடையை எடுத்தது மெதுவாக. செருப்பு மாட்டியது மெதுவாக. கதவைத் திறந்து வெளியே போய், அதைச் சாத்தியதும் மெதுவாக. 'ருவைதன்' என்ற அந்த ஒரே வார்த்தையை அன்னை மூன்று தடவை சொல்கிறார்கள். போனது எங்கே? ஜன்னத்துல் பகீஃ மண்ணறைக்கு, அங்கே அடங்கியவர்களுக்குப் பாவமன்னிப்புத் தேட. அழைத்தவர் ஜிப்ரீல் (அலை). ஜிப்ரீலே வந்து கூப்பிட்ட வேலை! அதற்காகக்கூடக் கதவு சத்தம் கேட்கவில்லை. நீ தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன், உன்னை எழுப்ப எனக்கு விருப்பமில்லை, நீ தனிமையில் பயப்படுவாயோ என்றும் அஞ்சினேன் என்ற கருத்தில் பிறகு அன்னையிடம் விளக்கம் சொன்னார்கள்.

இந்த மெதுவை உலகம் அறிந்ததே அன்னை உண்மையில் தூங்காமல் இருந்ததால்தான். பெருமானாரின் எண்ணத்தில் அங்கே பார்த்துக்கொண்டிருந்த மனிதக் கண் ஒன்றும் இல்லை. இப்படி எத்தனை இரவுகள் அன்னை நிஜமாகவே தூங்கியிருப்பார்கள். அந்த இரவுகளின் மெது எந்தக் கிதாபிலும் ஏறவில்லை.

மனைவிமார்கள் தூக்கத்தை எவ்வளவு பெரிய மரியாதையாக எண்ணுகிறார்கள் என்பதற்கு உம்மு ஸர்உ ஹதீஸைப் பாருங்கள். பதினோரு பெண்கள் கூடி உட்கார்ந்து அவரவர் கணவரைப் பற்றி மறைக்காமல் பேசிய நீண்ட சம்பவம், புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. பதினோராவது பெண் தன் கணவனின் சிறப்பைச் சொல்லும்போது, நகையையும் செல்வத்தையும் சொல்கிறாள். அதோடு சேர்த்து, நான் பேசினால் யாரும் என்னைக் குறை சொல்வதில்லை, தூங்கினால் விடியும் வரை தூங்குவேன் என்ற கருத்தையும் சொல்கிறாள். பேச்சுக்கு மரியாதை, தூக்கத்துக்கு மரியாதை. முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்ட பெருமானார், உம்மு ஸர்உக்கு அபூ ஸர்உ போல நான் உனக்கு இருக்கிறேன் என்ற பொருளில் அன்னை ஆயிஷாவிடம் சொன்னார்கள்.

சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், அவருக்குக் குறட்டை, எனக்கு ஷிஃப்ட். தனித்தனியாகப் படுத்தால் தப்பா?" கோபத்தில் படுக்கையைப் பிரிப்பது வேறு, தூக்கத்துக்காக இருவரும் பேசி முடிவெடுப்பது வேறு. கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒரு விரிப்பு, விருந்தாளிக்கு ஒன்று என்று வரும் ஹதீஸுக்கு இமாம் நவவீ விளக்கம் எழுதும்போது, நோய் போன்ற தேவைக்குத் தனி விரிப்பு வைப்பதில் குற்றமில்லை என்கிறார்கள். காரணம் எதுவும் இல்லாதபோது சேர்ந்து படுப்பதே சிறந்தது என்றும் சொல்கிறார்கள். ஊர் என்ன பேசும் என்று பயந்து இரண்டு பேரும் தூங்காமல் கிடந்து, காலையில் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுவதைவிட, பாயை அடுத்த அறையில் போடுவது மேல். விழித்திருக்கும் நேரத்தில் சேர்ந்து உட்காருங்கள். பெருமானார் தூங்கும் முன் மனைவியோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்ததை, சிறுவராக அந்த வீட்டில் தங்கிய இப்னு அப்பாஸ் (ரலி) சொல்லியிருக்கிறார்கள். தூக்க நேரம் ஒத்துப்போகாத வீட்டில் அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

அலாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாலரைக்கு ஒன்று, நாலு முப்பத்தைந்துக்கு ஒன்று, நாற்பதுக்கு ஒன்று என்று வைத்துவிட்டு, வைத்தவர் எழுவதில்லை, பக்கத்தில் இருப்பவர் மூன்று தடவையும் எழுகிறார். இது என்ன நியாயம்? பிறர் வீட்டைச் சொல்லிவிட்டு நம் பள்ளியைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ரமலானில் ஸஹருக்கு மூன்று மணியிலிருந்தே மைக்கில் கூப்பிடும் வழக்கம் நமக்கும் இருந்தது. இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் கைக்குழந்தை வைத்திருக்கும் மாற்று மதச் சகோதரியின் தூக்கமும் நம் கையில் உள்ள அமானிதம்தான். முத்தவல்லியிடம் பேசி நிறுத்தினோம். சிலருக்கு வருத்தம். இருக்கட்டும்.

அந்த முட்டை லோடுக்காரர் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அன்று நானும் என் வீட்டாரும் அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். பெரிய தீர்ப்பு எதுவும் இல்லை. அவருக்கு ஒரு சாவி. டீயை ராத்திரியே ஃபிளாஸ்கில் ஊற்றி வைப்பது. டியூப் லைட் வேண்டாம், ஜீரோ வாட்ஸ் பல்பு போதும். சுப்ஹு நேரம் வரை விழித்திருந்து தொழுதுவிட்டுப் படுப்பது. வரும்போதே விழிப்பில் இருப்பவருக்கு ஸஃப்வானின் காரணம் இல்லை. மிக்ஸி வேலையை அந்த அம்மா ஏழு மணிக்குள் முடிப்பது. சனி, ஞாயிறு பகலில் பிள்ளைகளை நன்னி வீட்டுக்கு அனுப்புவது. கடைசியாகச் சொன்னதற்கு அந்த அம்மா உடனே சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் பிள்ளைகளோடு இருக்கும் நாள் என்றார். அதுவும் நியாயம்தான். அவர்தான், ஞாயிற்றுக்கிழமை சத்தம் இருக்கட்டும், நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன், அன்றைக்கு லோடு எடுப்பதில்லை என்றார்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா என் வீட்டாருக்குப் போன் செய்தார். புதுக் குறை ஒன்று. "இப்ப அவரு பூனை மாதிரி வர்றாருங்க. நேத்து தண்ணி குடிக்க எழுந்தா, இருட்டுல ஆள் நிக்குது. உயிரே போயிடுச்சு."

என் வீட்டார் சிரித்துவிட்டு என்னிடம் போனைக் கொடுத்தார். நான் மிக்தாத் (ரலி) சொன்னதை அவருக்குச் சொன்னேன். பசியால் வாடியிருந்த மிக்தாதையும் இரண்டு தோழர்களையும் பெருமானார் தம் வீட்டில் தங்க வைத்திருந்தார்கள். இரவில் வீட்டுக்குள் வரும்போது பெருமானார் ஸலாம் சொல்வார்கள். விழித்திருப்பவர் காதில் விழும், தூங்குகிறவரை எழுப்பாது. அந்த அளவில் ஒரு ஸலாம் சொல்லிவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள் என்றேன்.

மறுநாள் அவரே பள்ளியில் என்னைப் பிடித்துக் கேட்டார்: "ஹஜ்ரத், அந்தச் சத்தம் எவ்வளவு இருக்கணும்? ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க." ஒளுச் செய்யும் இடத்தில் நின்று இரண்டு பேரும் மாறி மாறி ஸலாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மோதினார் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.